ஓர் அறைக்கு நான்கு பேர்

அந்தப் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயிலாக்கியது நான்தான். விடைத்தாளைத் திருத்தியது எந்த ஊர் வாத்தியாரோ, மதிப்பெண் போட்டது அவர் கை. இருந்தாலும் பெயிலாக்கியது நான்தான். உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள், "விடுங்கக்கா, அவ தலையெழுத்து" என்றார்கள். தலையெழுத்தாம்! பதினெட்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவளிடம் வந்து தலையெழுத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். "உன்னை வச்சே ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்தலாம், வெடிமருந்துகூட வேண்டாம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் விருதுநகர்க்காரி. என்னைப் பெற்ற அத்தாவுக்கு பஜாரில் வத்தல், மல்லி வியாபாரம். சின்ன வயதில் பட்டாசு என்றால் எனக்குத் தீபாவளியன்று பக்கத்து வீட்டில் கேட்கிற சத்தம், அவ்வளவுதான். அதைச் செய்கிற கைகளை நான் பார்த்ததே வேலைக்கு வந்த பிறகுதான். தினமும் இரண்டு பஸ் மாறி, சிவகாசி தாண்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறேன். பஸ் ஜன்னலில் பார்த்தால் பொட்டல் காட்டில் பட்டாசுக் கம்பெனிகள், தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டிப் போட்டிருக்கும். என் வகுப்பில் பாதிப் பேருடைய அம்மாக்கள் அந்த அறைகளில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஆடி பிறந்ததும் தலைமையாசிரியை ஒரு பட்டியலை நீட்டுவார். பெயிலாகக் கூடியவர்கள் என்று சிவப்பு மையில் வட்டம் போட்ட பெயர்கள். அவர்களுக்குப் பாடமெல்லாம் கிடையாது. மெலிசாக ஒரு கையேடு உண்டு. வரைபடக் கேள்விக்கு எட்டு மார்க், செய்முறை வடிவியலுக்கு எட்டு மார்க், ஆகப் பதினாறு. அதோடு சில ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளை உருப்போட்டால் முப்பத்தைந்தை எட்டிப் பிடித்துவிடலாம். காலையில் எட்டு மணிக்கே வந்து, அந்த வரைபடங்களை ஓதுவதைப்போல் ஓத வேண்டும். ஒன்றுக்கு இருபத்து நாலு, இரண்டுக்குப் பன்னிரண்டு, மூன்றுக்கு எட்டு. புள்ளி வை, சேர், அடுத்த பக்கம்.

அந்தப் பிள்ளை பத்தாவது படித்த வருஷம், ஒருநாள் இப்படி அழகாக வரைந்து வைத்திருந்த ஒருவனிடம், "ஏலே, இந்தக் கோடு ஏன் இப்படி வளைஞ்சு இறங்குது?" என்று கேட்டேன். "கையேட்டுல அப்படித்தான் டீச்சர் இருக்கு" என்றான். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா! கோடு இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று கூடக்கூட இன்னொன்று குறைகிறது என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுகூட அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் நான் தலைமையாசிரியையிடம் சண்டை பிடித்தேன். கையேடு வேண்டாம், பட்டியலில் உள்ளவர்களுக்கும் புரியும்படி நடத்துகிறேன், டிசம்பர் வரைக்கும் விட்டுப் பாருங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது, நூறு சதவீதத் தேர்ச்சி காட்டவில்லையென்றால் மேலே இருந்து கேள்வி கேட்பார்கள். "புரிய வைங்க, வேண்டாங்கல. ஆனா பரீட்சையில யாரும் உங்க பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கான்னு கேக்க மாட்டாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதை நான் அப்போதே கேட்டிருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் பெயரைச் சுற்றி இரண்டு வட்டம் இருந்தது. காலாண்டில் பத்தொன்பது மார்க். தாள் கொடுத்த மறுநாள் அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்குக் கம்பெனி வேனை விட்டுவிட்டு வந்திருந்தார் அந்த அம்மா. மருந்து அடைக்கிற வேலை. கையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறார், ஆனாலும் நகக்கண்ணில் எல்லாம் வெள்ளிப்பொடி மினுங்கியது. நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், நான் சுத்தி வளைக்காமச் சொல்லிருதேன். இவ பாஸானா மேக்கொண்டு படிக்க வைப்பேன். பெயிலாயிட்டான்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இவ அப்பா வகையில சொல்லிட்டாக. வீட்டுல உக்காந்து வெடிக்குத் திரி போடட்டும், பதினெட்டு முடியவும் கம்பெனிக்கு வரட்டும்னு. என் தங்கச்சிய அங்கன குடுத்துட்டேன் டீச்சர். இவளையும் அங்கன அனுப்ப என்னால ஆகாது. நீங்கதான் பாத்துக்கிடணும்."

தங்கச்சியைக் கொடுத்துட்டேன் என்றால் என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கேட்கவும் சங்கடமாக இருந்தது. "நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். ஆசிரியர்கள் எத்தனையோ பேரிடம் சொல்கிற வார்த்தைதான். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் மாறல் பாடம். கரும்பலகையில் எழுதினேன். ஒரு வேலையை இருபது பேர் பன்னிரண்டு நாளில் முடிக்கிறார்கள், நாற்பது பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? வகுப்பே ஒரே குரலில், "இருபத்து நாலு!" என்றது. ஆள் இரட்டிப்பானால் நாளும் இரட்டிப்பாம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அறிவு கெட்டதுகளா! ஆளு கூடினா வேலை சீக்கிரம் முடியுமா, இழுக்குமா? உங்க வீட்டுல நாலு பேரு சேந்து வெங்காயம் உரிச்சா நேரம் கூடவா ஆகும்?" என்று கத்தினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சில் இவள் மட்டும் நிமிர்ந்தே இருந்தாள்.

"டீச்சர், நாப்பது பேரு எந்த ரூம்ல இருப்பாக?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் கேலிக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஏன், ஒங்க வீட்டுல இடம் தரப் போறியா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று மடக்கினேன். அவள் மடங்கவில்லை. "இல்ல டீச்சர். ஒரு ரூமுக்கு நாலு பேருதான். வாசல்லயே எழுதிப் போட்டிருக்கும். கூட ஆளப் போட்டா வேலை சீக்கிரம் முடியும்னு சொல்றீக. அப்படிப் போடக் கூடாது டீச்சர்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் தெரியாது. மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். கம்பெனியில் மருந்து புழங்குகிற அறை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதுதான் சட்டம். சீசன் நேரத்தில் ஆர்டர் குவிந்தால் போர்மேன், "சேந்து உக்காருங்க, ரெண்டு நாளுதானே" என்பார். அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து, வெடித்துச் சிதறிய ஓர் அறையில்தான் அவளுடைய சித்தி இருந்தாள். இதையெல்லாம் அந்தப் பிள்ளை அழாமல் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

யா அல்லாஹ், நான் கரும்பலகையில் எழுதிய கணக்கு இந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழுந்திருக்கும்! நாற்பது பேரைக் கொண்டுவந்து திணி, வேலை சீக்கிரம் முடியும் என்றல்லவா விழுந்திருக்கும். இத்தனை வருஷமாக இதே கணக்கை இதே ஊரில் எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட வாய் திறந்ததில்லை. அவர்கள் எல்லாம் பேசாமல் கையேட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மாலையே அந்தக் கணக்கை மாற்றினேன். இருபது பேர் என்றால் ஐந்து அறை. நாற்பது பேர் என்றால் பத்து அறை. அறை கூடினால் ஆள் கூடலாம், ஆள் கூடினால் நாள் குறையும். அவள் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். "பத்து ரூம் இருந்தா சரி டீச்சர். அப்ப ஆறு நாளு" என்றாள். பிறகு அறைக்கும் ஆளுக்கும் வரைபடம் போட வைத்தேன். ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு எட்டு, மூன்றுக்குப் பன்னிரண்டு. நேர்கோடு வந்தது. ஆளை அறையால் வகுத்தால் எங்கே வகுத்தாலும் நாலு வருகிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

"அப்ப இந்த நாலுதான் மாறாம இருக்கா டீச்சர்?"

"ஆமா. அதுக்குப் பேருதான் மாறிலி."

"மாறவே கூடாது, அப்படித்தானே?"

பதினெட்டு வருஷத்தில் மாறிலி என்ற சொல்லை அப்படி உயிரோடு விளங்கிக்கொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, "என்னம்மா, வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் அவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னேன். கணக்கைப் படித்ததும் அது நிஜத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிப் பாருங்கள். விடை வந்ததும் அதை நிஜத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தின் நீளம் மைனஸ் ஏழு என்று வந்தால் தூக்கிப் போடுங்கள், அப்படித் தோட்டம் கிடையாது. அந்தப் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் கேள்வி கேட்டாள். கூம்பு வடிவக் கூடாரம் என்றால், "உள்ள எத்தனை பேரு படுப்பாக?" நிழலின் நீளம் என்றால், "எத்தனை மணிக்கு டீச்சர்?" சில நாள் ஒரு கணக்கிலேயே ஒரு பாடவேளை போய்விடும். போகட்டும் என்று விட்டேன். அரையாண்டில் முப்பத்தாறு வாங்கினாள். முதல் திருப்புதலில் நாற்பத்து நாலு. சிவப்பு வட்டத்தைத் தலைமையாசிரியையே அழித்தார். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவளுடைய நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

"நேரத்துக்குள்ள எழுதுறாளா?" என்று தலைமையாசிரியை ஒருமுறை கேட்டார். "எழுதுவா, எழுதுவா" என்று சொல்லிவிட்டேன்.

கணக்குப் பரீட்சை அன்று நோன்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு அன்று அறைக் கண்காணிப்பு கிடையாது, தேர்வு மையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒன்றேகால் மணிக்கு மணி அடித்ததும் முந்தி வந்த ஒருவனிடம் கேள்வித்தாளை வாங்கி, வரைபடக் கேள்வியைத்தான் முதலில் பார்த்தேன். எதிர் மாறல். வேலையாட்களும் நாட்களும். இரண்டு பேருக்கு முப்பத்தாறு நாள், மூன்று பேருக்கு இருபத்து நாலு, நான்கு பேருக்குப் பதினெட்டு என்று அட்டவணை போய்க்கொண்டிருந்தது. வரைபடம் வரைந்து, பன்னிரண்டு பேருக்கு எத்தனை நாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். "அல்ஹம்துலில்லாஹ்! என் பிள்ளை கணக்குடா இது!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அதற்குள் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். இவள் கடைசியாக வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நம்ம கணக்கு வந்திருச்சு!"

"பாத்தேன் புள்ள. எப்படி எழுதின? பன்னெண்டு பேருக்கு எத்தனை நாளு?"

"ஆறு நாளு."

"அப்பாடா! என் ராசாத்தி! கோடு ஒழுங்கா வளைஞ்சு வந்துச்சா?"

"நாலு வரைக்கும் இழுத்தேன் டீச்சர். அதோட நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா? ஏன்?"

"நாலுக்கு மேல ஒரே ரூம்ல இருக்க முடியாதுல்ல. அதனால அட்டவணையில ரூமுக்குன்னு தனியா ஒரு வரிசை சேத்தேன். ஆறு பேருன்னா ரெண்டு ரூம், மூணு மூணு பேரு. ஒம்போது பேருன்னா மூணு ரூம். அதையெல்லாம் தனித்தனிப் புள்ளியா வச்சு, பக்கத்துல எத்தனை ரூம்னு எழுதிட்டேன். பன்னெண்டு பேருக்கு மூணு ரூம், ரூமுக்கு நாலு பேரு, ஆறு நாளு. கீழ விளக்கமும் எழுதிட்டேன் டீச்சர், ஒரு அறையில நாலு பேருக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு."

"அந்தக் கேள்வியில பட்டாசுன்னு எங்க இருக்கு? என்ன வேலைன்னே போடலையே!"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வேலைன்னா அதானே டீச்சர்?"

மற்ற கேள்விகளைக் கேட்டேன். ஐந்து மார்க் கேள்விகளில் மூன்றைத் தொடவே இல்லை. "அந்தக் கிராஃபை நிஜத்துல வச்சு யோசிச்சுக்கிட்டே இருந்தேனா, நேரம் போனதே தெரியல" என்றாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கணக்கை முழுசாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. "நல்லா எழுதியிருக்க. வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்றேன்.

ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தினமும் மனசுக்குள் அவள் தாளை நானே திருத்தினேன். அட்டவணைக்கு இவ்வளவு, அளவுத்திட்டத்துக்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு. ஒருநாள் முப்பத்தேழு வரும், ஒருநாள் முப்பத்து மூன்று வரும். தொழுகையில் உட்கார்ந்தால்கூட அந்த வரைபடம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. திருத்துகிற புண்ணியவான் கொஞ்சம் நின்று படிக்க வேண்டுமே, கீழே எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டுமே என்று துஆ கேட்டேன். அவரும் என்ன செய்வார் பாவம், ஒரு நாளைக்குக் கட்டுக்கட்டாகத் திருத்த வேண்டியவர். வரைபடத்தில் வளைகோடு இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் அடுத்த பக்கம் திருப்புவார்.

முப்பத்தொன்று வந்தது. நான்கு மார்க்கில் போய்விட்டது. எங்கள் பள்ளியில் அந்த வருஷம் கணக்கில் பெயிலானது அவள் ஒருத்திதான். டிசம்பருக்குப் பிறகு கையேட்டுக்கே திரும்பி உருப்போட்டவர்கள் அத்தனை பேரும் பாஸ். கோடு ஏன் வளைகிறது என்று தெரியாத அந்தப் பையனுக்கு அறுபத்தெட்டு.

அவள் அம்மா மறுநாள் வந்தார். இந்தத் தடவை நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். திட்டுவார், திட்டட்டும் என்று இருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அவ எழுதினதச் சொன்னா டீச்சர். எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. அவ எழுதினது தப்பா?"

"தப்பில்லம்மா."

"விடை?"

"விடையும் சரிதான்."

"பெறகு ஏன் டீச்சர் பெயிலு போட்டாக?"

கேட்ட மாதிரி எழுதவில்லை, நேரம் போதவில்லை என்று ஏதோ உளறினேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "என் தங்கச்சி இருந்த ரூம்ல எம்புட்டுப் பேரு இருந்தாகன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒரு தாள்ல எழுதல டீச்சர். நாலு பேருன்னுதான் எழுதி வச்சிருக்காக. என் மக ஒருத்திதான் கூட இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா. அதுக்குப் பெயிலா?"

நான் அழுதுவிட்டேன். தலைமையாசிரியைக்கு முன்னால், பியூனுக்கு முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது, அதில் பாஸானால் இந்த வருஷமே பதினொன்றில் சேரலாம் என்று தலைமையாசிரியைதான் அவருக்கு எடுத்துச் சொன்னார். "அதுலயும் போச்சுன்னா அவ அப்பா விட மாட்டாக" என்றார் அந்த அம்மா. "அவளுக்குப் புரிய வச்சது போதும் டீச்சர். பாஸாக்கி விடுங்க."

அவர் போனதும் தலைமையாசிரியை மேசை டிராயரைத் திறந்து கையேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம். தினமும் காலையில் எட்டு மணிக்கு அவளும் நானும் மட்டும். நான் நடத்தியதையெல்லாம் நானே உட்கார்ந்து பிடுங்கினேன். முதல் நாள் எதிர் மாறல் வரைபடம். நாலு வரைக்கும் கோட்டை இழுத்தவள் பென்சிலைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேல இழு" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"இழுன்னா இழு. கணக்குல ரூமும் கிடையாது, ஆளும் கிடையாது. வெறும் நம்பர்தான்."

"நீங்கதான நிஜத்துல வச்சுப் பாக்கச் சொன்னீக?"

"இனிமே ஏன்னு ஒரு வார்த்தை கேட்ட, பல்லைத் தட்டிருவேன்!" என்று ஸ்கேலால் மேசையில் ஓங்கி அடித்தேன். ஸ்கேல் இரண்டாக உடைந்தது. பதினெட்டு வருஷம் ஏன் என்று கேளுங்கள், கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்சினவள் நான். கேட்ட ஒரே பிள்ளையின் வாயை அடைக்கிறேன். அவள் பயந்துபோய்க் கோட்டை இழுத்தாள். ஆறு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்று வழவழவென்று வந்தது. நான் சரி என்று குறி போட்டேன்.

இரண்டாவது வாரத்தில் கேள்விகள் குறைந்தன. மூன்றாவது வாரத்தில் நின்றன. ஐந்தாவது வாரம் கேள்வி எண்ணைச் சொன்னாலே விடையை எழுதினாள். கையெழுத்துகூட உருண்டையாக, கையேட்டில் உள்ள மாதிரியே வந்தது. வீட்டுக்குப் போனால் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. "என்ன, கம்பெனியில இப்ப சத்தத்தையே காணோம்?" என்று வீட்டுக்காரர் சீண்டிப் பார்த்தார்.

துணைத் தேர்வில் அறுபத்து மூன்று மார்க் வாங்கினாள். பள்ளிக்கூடமே கைதட்டியது. சான்றிதழ் வாங்க அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த அம்மா புதுச்சேலை கட்டியிருந்தார். தலைமையாசிரியைக்கும் எனக்கும் பால்கோவா கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் மகள அங்கன போகவிடாம நிறுத்திட்டீக டீச்சர். இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்" என்றார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது. அவள் திரி போடப் போகவில்லை. அதுதானே வேண்டும்? அது போதாதா?

"பதினொண்ணுல என்ன குரூப் எடுக்கப் போற?" என்று அவளிடம் கேட்டேன்.

"கணக்கு இல்லாததுதான் டீச்சர்."

"ஏன் புள்ள? அறுபத்து மூணு வாங்கியிருக்கியே!"

"அது சும்மா வந்துருச்சு டீச்சர். நீங்க சொன்ன மாதிரி எதையும் யோசிக்கல. கடகடன்னு எழுதிட்டேன், அரைமணி நேரம் மிச்சம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து வாரம்தானே, ஐந்து வாரத்தில் என்ன ஆகிவிடும், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"சரி, இதைச் சொல்லு. கம்பெனிக்குப் பத்து பேரு புதுசா வேலைக்கு வாராக. ரூமுக்கு நாலு பேருதான். எத்தனை ரூம் வேணும்?"

கேட்டு முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

"ரெண்டரை டீச்சர்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. பக்கத்தில் அவள் அம்மா சான்றிதழைப் பாலித்தீன் பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அரை அறையில் யார் உட்காருவார்கள் என்ற கேள்வி அவளுக்கு வரவே இல்லை.

"சரிதானே டீச்சர்?" என்று அவள் கேட்டாள்.